நடை சாத்துவதற்குள் என்னென்ன பார்க்கலாம்?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு சனிக்கிழமை மட்டும். கூட வருகிறவர்கள் எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் உள்ள மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மேப்பைப் பார்த்து "எல்லாம் பக்கத்தில்தான்" என்று சொல்லும் கணவர். பார்க்க நினைப்பவை: திருமலை நாயக்கர் மகால், ஆண்டாள் கோயில், மடவார்வளாகம், ஊருக்கு அருகே இருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றின் சீனிவாசப் பெருமாள் கோயில், செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் அருவி, முடிந்தால் சதுரகிரி, வழியில் குற்றாலம். எந்த வரிசையில் போகலாம் என்பது அவர் கேள்வி.

வரிசை பிறகு. முதலில் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். குற்றாலம் ராஜபாளையத்திலிருந்தே ஒன்றரை மணி நேரப் பயணம். சீசனில் இன்னும் கூடும். சதுரகிரி என்பது தாணிப்பாறையிலிருந்து கல்லும் ஓடையுமாகப் பல மணி நேரம் ஏறுகிற மலைப்பாதை. பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போகிற போக்கில் செய்கிற காரியம் அல்ல. இந்த இரண்டையும் எடுத்துவிட்டாலே உங்கள் நாளுக்கு மூச்சு வந்துவிடும்.

இந்த ஊர்ப் பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில்தான். கோயில்களில் மதியம் நடை சாத்துவார்கள். மாலை நான்கு மணி வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். இதைக் கணக்கில் வைக்காமல், "முதலில் அருவி, பிறகு சாப்பாடு, அப்புறம் கோயில்" என்று கிளம்புகிறவர்கள் பன்னிரண்டரை மணிக்குப் பூட்டிய கதவின் முன்னால், சூடேறிய கல்தரையில், பசியோடு நிற்கிறார்கள். அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்தக் களைப்பின் தொடர்ச்சி. காரில் சண்டை, ஓட்டலில் எரிச்சல், மகாலுக்குப் போனால் "இதுக்குத்தானா இவ்வளவு தூரம்?" என்ற கேள்வி.

மகாலைப் பற்றி முன்கூட்டியே சில விஷயங்கள் தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி வராது. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது இது. ஆனால் மதுரை மகாலை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். மதுரையில் இருப்பது ராஜ்யத்தின் தலைமை அரண்மனை. இங்கே இருப்பது கோயிலுக்கு வருகிற அரசர் தங்குவதற்கான அளவில் எழுந்த கட்டடம். ஒலி-ஒளிக் காட்சி, பிரம்மாண்ட முற்றம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நாயக்கர் காலத்துக் கட்டுமானத்தை நெரிசல் இல்லாமல், கிட்டத்தில் நின்று பார்க்கலாம் என்று வந்தால் நிறைவாக இருக்கும்.

பார்க்க வேண்டியது சுதை வேலை (செங்கல் கட்டுமானத்தின் மேல் சுண்ணாம்புக் காரையால் செய்யும் பூச்சும் உருவங்களும்). கல்லில் செதுக்கியது போலத் தெரியும் வளைவுகள் உண்மையில் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். எங்காவது பூச்சு உதிர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் செங்கல் வரிசை தெரியும். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள், கட்டடம் எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் தொட வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். நம் கை வியர்வையும், சாய்ந்து உரசுவதும், பேர் எழுதுவதும் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

இந்தக் கட்டடம் நெடுங்காலம் நீதிமன்றமாக இயங்கியது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. ஒரு பழைய கட்டடத்தில் தினமும் ஆள் புழங்கினால் கூரை ஒழுகுவது உடனே தெரியும், யாராவது சரிசெய்யச் சொல்லிக் கேட்பார்கள். ஆள் புழங்காத எத்தனையோ அரண்மனைகள் இந்தப் பக்கத்தில் முள் மண்டிப் போயின. மதுரை மகாலும் 1970 வரை நீதிமன்றமாகத்தான் இருந்தது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மகால் தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பராமரிப்பு வேலை நடக்கிற நாட்களில் உள்ளே விடாமல் இருக்கலாம். ஆகவே முந்தின நாளே, தங்கும் விடுதியிலோ உள்ளூர் ஆட்களிடமோ திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். காவலாளி கையில் எதையாவது திணித்து உள்ளே போக முயல்வது, சுவரேறுவது போன்ற குறுக்கு வழிகளை வாலிபப் பிள்ளைகள் யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய கட்டடத்தில் எந்தத் தளம் தாங்கும், எது தாங்காது என்பது பார்வைக்குத் தெரியாது.

சரி, வரிசைக்கு வருவோம். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் முதலில் வரும், ராஜபாளையம் அடுத்து. இரண்டுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. எங்கே இறங்குவது என்பதை மறுநாள் திட்டம் தீர்மானிக்கட்டும். அன்றே திரும்புவதாக இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஓர் அறை எடுத்துக் குளித்துவிடுங்கள். ஒருநாள் தங்க முடிந்தால் (அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்) ராஜபாளையத்தில் தங்குங்கள். மதுரையிலிருந்து சாலை வழியாக வருகிறவர்களுக்குத் தூரம் சுமார் 75 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குள் கிளம்பாவிட்டால் இந்தத் திட்டம் கொஞ்சம் இடிக்கும்.

அறையில் குளித்ததும் முதல் வேலை சாப்பாடு. இதில்தான் பல குடும்பங்களில் தகராறு. "சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர்" என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்ததை மதுரை வரை மணி மண்டபங்கள் வழியே மணியடித்துச் சொல்ல, அதைக் கேட்ட பிறகே திருமலை நாயக்கர் உணவு கொண்டார் என்று இந்தப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். நாயக்கர் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர் அல்லர். கிளிமிபிரைடு போன்ற (கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும்) மாத்திரையையோ இன்சுலின் ஊசியையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வரிசையில் நின்றால் தாழ் சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்குதல்) வரும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆண்டாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். விரதம் இருந்தே தீருவேன் என்றால், மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்று புறப்படுவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஏழரை மணிக்குள் கோயிலில் இருப்பது நல்லது. பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரத்தைப் பார்த்ததும் எல்லோரும் அதன் வழியே நேராக உள்ளே போவார்கள். அது வடபத்ரசாயி சன்னிதியின் கோபுரம். ஆண்டாள் சன்னிதி தென்மேற்கே தனிக் கோயிலாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனம். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி, வடபத்ரசாயி மேல்தளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். படி ஏற வேண்டும். மாமியாரைக் காலையிலேயே, கால் ஓயும் முன்பு, அங்கே அழைத்துப் போய்விடுங்கள். ஆண்டாள் சன்னிதியில் அவ்வளவு ஏற்றம் இல்லை. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

அவசரமாகச் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் தவறவிடுவது ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை. அது அன்றாடம் புதிதாகச் செய்வது. மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, கட்டுவதற்கு வாழை நார் என்று இலையும் பூவுமாகவே முழுக் கிளியும் உருவாகிறது. இதைச் சொல்லிவிட்டு அழைத்துப் போனால் பிள்ளைகள் சன்னிதியில் தாமாகவே கவனமாகப் பார்ப்பார்கள். ஆண்டாள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றையும் நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்களையும் பார்க்க நேரம் வையுங்கள். மகாலுக்குப் போகும்முன் இந்தச் சிற்பங்களைப் பார்த்திருந்தால், ஒரே காலத்தவர்கள் கல்லில் என்ன செய்தார்கள், சுதையில் என்ன செய்தார்கள் என்று ஒப்பிட முடியும். கைபேசியை எங்கே வைப்பது என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று வெளியே ஒட்டிக்கொள்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண சனிக்கிழமை காலையில் வரிசை தானாகவே நகரும். புரட்டாசிச் சனி மட்டும் வேறு கணக்கு.

கோயிலை விட்டுப் பத்தரை மணி வாக்கில் வெளியே வந்தால் மகாலுக்கு ஆட்டோவில் போய் நிதானமாகப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடலாம். இடையில் மடவார்வளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலும் போக வேண்டுமானால் மகாலுக்கு முன்பே போய்விடுங்கள். கோயிலுக்கு நடை சாத்தும் நேரம் உண்டு. திருமலை நாயக்கரின் தீராத வயிற்று வலி இந்தச் சன்னிதியில் தீர்ந்தது என்பது ஊர் நம்பிக்கை. வேண்டிக்கொள்ளலாம். இரண்டு நாளாக வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இங்கே கூட்டி வந்து திருநீறு பூசுவதோடு விடக் கூடாது. குடல்வால் அழற்சி (குடலின் சிறு வால் போன்ற பகுதி வீங்கிச் சீழ் பிடித்தல்) அதற்காகக் காத்திருக்காது.

நண்பகலுக்கு முன்பே ஒன்றிரண்டு அறிகுறிகள் தெரியும். கலகலப்பாகப் பேசி வந்த பெரியவர் பேச்சைக் குறைத்துவிடுவார். பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு உட்கார இடம் தேடும். பெண்கள், வழியில் கழிப்பறை எங்கே இருக்குமோ என்று பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். தண்ணீரைக் குறைப்பது தீர்வல்ல. அறையை மாலை வரை வைத்துக்கொள்ளுங்கள், பத்தரை மணிக்கு ஒருமுறை அங்கே போய் வாருங்கள். ஆட்டோச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தலைவலி, மிகுந்த வியர்வை, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு என்று வந்தால் அது வெப்பத் தளர்ச்சி (உடம்பு நீரையும் உப்பையும் இழந்து சோர்தல்). நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை வாய் வாயாகக் கொடுங்கள். பெரும்பாலும் அரை மணியில் தெளிந்துவிடும்; கூட்டம் கூட்டிக் கலவரப்பட வேண்டாம். தெளியாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆனால் பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ உடனே 108. மயங்கியவர் வாயில் சோடாவோ எலுமிச்சைச் சாறோ ஊற்றுவது நம் ஊரில் இன்னும் போகாத பழக்கம். அது நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைக்கும். செய்யாதீர்கள்.

சர்க்கரை நோயாளிக்குக் கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் படபடப்பும் வந்தால், முதலில் தாழ் சர்க்கரை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பார்த்து, தேவையானால் மீண்டும் கொடுத்து, பிறகு சாப்பாடு. இந்த ஊரில் எல்லோர் கையும் பால்கோவாவைத்தான் தேடும். அது இந்த வேளைக்கு உதவாது. பால் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகள் பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு வெயில் பட்ட கல்தரையில் நடக்கக் கூடாது. சூடு தெரியாது, கொப்புளம் மட்டும் இரவில் தெரியும். பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாமா என்று வாசலில் கேளுங்கள். சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

மதியச் சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கணவர் கேட்பார். மாலை ஐந்து மணிக்குத் திருமுக்குளக் கரையிலும் தேரோடும் வீதிகளிலும் நடக்கும்போது அவருக்கே பதில் கிடைத்துவிடும். மகால், கோயில், குளம், தேர்வீதி நான்கும் ஒரே ஊர் அமைப்பின் உறுப்புகள். மகாலை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டுப் போனால் அரசர் ஏன் இங்கே வந்து தங்கினார் என்பது விளங்காது. மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு நடப்பது இந்தக் குளக்கரை மண்டபத்தில்தான்.

எந்த மாதம் வருவது என்பதில் என் யோசனை சுருக்கமானது. ஆடிப்பூரத் தேரைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஆடியில் வாருங்கள், மகாலை மறந்துவிடுங்கள்; அன்று ஊருக்குள் வண்டி நகராது, பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும். மகாலும் ஊரும் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசி. மார்கழிக் காலை அழகுதான், ஆனால் விடியும் முன்பே கூட்டம் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் பெரியவர்களை அழைத்து வராதீர்கள்.

பால்கோவாவைக் கடைசியில் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரை எழுதிய பலகைகள் ஹைவே முழுக்கப் பெருகிவிட்டன. பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த சரக்கு நாள்பட நிற்காது. "ஒரு மாசம் கெடாது" என்று யாராவது உறுதி சொன்னால் அங்கே வாங்காதீர்கள். ஊருக்குள், கண்ணெதிரே கிண்டுகிற கடையிலோ கூட்டுறவுப் பால் சங்கக் கடையிலோ தேதி பார்த்து வாங்குங்கள். சூடாக இருந்தால் மூடியைத் திறந்து ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்துச் சீக்கிரம் புளிக்கும்.

இரண்டாம் நாள் கிடைத்தால் ராஜபாளையம். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உருவான காந்தி கலை மன்றத்தை வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை, பாருங்கள். காலையில் அய்யனார் கோயில் அருவிக்கோ, செண்பகத்தோப்புக்கோ ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். செண்பகத்தோப்பு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமான காடு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு இணைந்தது. அந்த அணில் மரத்து உச்சியிலேயே தாவும், தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். அதிகாலையில் அண்ணாந்து பார்க்கப் பொறுமை இருந்தால் தெரியும். இரண்டு இடங்களிலும் அனுமதி வனத்துறை கையில். மழை நாட்களில் தடை போடுவார்கள், அதை மீறிக் காட்டுப் பாதை காட்டுகிறேன் என்பவர்களோடு போகாதீர்கள்.

அருவியில் குளிக்கும்போது ஒரு கண் தண்ணீரின் நிறத்தில் இருக்கட்டும். கீழே வெயில் அடிக்கும், மலையில் மழை கொட்டும். தெளிவாக ஓடிய நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ துணிமணியைத் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கைகோத்துச் சங்கிலி போட்டுக் கடப்பது பழைய உத்தி. ஒருவர் கால் வழுக்கினால் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்கள். காட்டாற்று வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்தும் விடும்.

ராஜபாளையம் வந்ததும் பிள்ளைகள் வெள்ளை நாய்க்குட்டி கேட்பார்கள். பயணத்தின் நடுவில் வாங்காதீர்கள். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, தாயையும் நேரில் பார்த்து, கால்நடை மருத்துவரிடம் காட்டித் தேர்ந்தெடுக்க வேண்டிய காரியம் இது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்க்கிற நாயும் அல்ல.

திரும்பும்போது மதுரையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அங்குள்ள மகாலையும் பாருங்கள். 1636-இல் கட்டியதில் ஏறத்தாழக் கால் பங்குதான் இன்று மிஞ்சியிருக்கிறது; அதையும் 1866 தொடங்கி நேப்பியர் பிரபு பழுது பார்த்ததால்தான் நம்மால் பார்க்க முடிகிறது. சிறியதை முதலில் பார்த்துவிட்டுப் பெரியதைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. அன்று இரவு ரயில் என்றால் டிக்கெட்டை மதுரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள்.